ஒற்றைத் தலைவலி

திரும்பத் திரும்ப வந்து போகும் நரம்பியல் நோய். மருத்துவர்கள் மைக்ரேன் என்பார்கள். மருந்து எடுக்காவிட்டால் ஒரு தடவை வருவது 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, படி ஏறினாலே வலி கூடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். மைக்ரேன் என்பதன் கிரேக்க மூலமும் பாதி மண்டை என்றே பொருள்படும். ஆனால் பெயரை நம்ப வேண்டாம். பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும்.

இரத்தக் குழாய்கள் விரிவதுதான் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்வு தரும் முக்கிளை நரம்பு சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை வெளிவிடுவதற்கு வலியில் பெரும் பங்குண்டு என்பது பின்னரே புலப்பட்டது. இந்த ஆய்வுகளுக்காக எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலெசன் ஆகிய நால்வருக்கு 2021இல் மூளைப் பரிசு வழங்கப்பட்டது. சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணில் மின்னும் வளைகோடுகள் தோன்றி, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறையும். பிரேசில் நாட்டு ஆய்வாளர் லியாவோ 1944இல் முயலின் மூளையில் கண்டறிந்த, மெல்லப் பரவும் மின் அலை போன்றதே இதற்கும் காரணம் எனக் கருதப்படுகிறது.

எது வலியைக் கிளப்புகிறது என்பதில் நோயாளிகளின் பேச்சு மதிப்புள்ளது. வெயில், விரதம், தூக்கக் கேடு, மாதவிலக்கு நாள்கள் என்று அவர்கள் சொல்பவற்றை மருத்துவமும் ஏற்கிறது. தலைக்குக் குளித்தால் வரும் என்பது மூடநம்பிக்கை போலத் தோன்றும். இந்திய நோயாளிகளிடம் அதுவும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சாக்லேட் விஷயம் வேறு. வலி தொடங்கும் முன்பே கொட்டாவியும் இனிப்பு ஆசையும் வருவதுண்டு. சாப்பிட்டதால் வலி வந்ததா, வரப்போகும் வலிதான் சாப்பிட வைத்ததா என்று பிரிப்பது கடினம். ஒற்றைத் தலைவலியையே 'சைனஸ்' என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் ஆவி பிடிப்பவர்களும் உண்டு.

அக்கம்பக்கப் பேச்சு வழிதவறுவது மாத்திரையில்தான். 'எனக்குக் கேட்டது, நீயும் போடு' என்று கைமாறும் வலி மாத்திரையே தலைவலியை வளர்க்கும். சாதாரண வலி நிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்தை 10 நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டுவந்தால் மருந்தாலேயே வரும் தலைவலி உண்டாகலாம். ஆகவே வலித்த நாளையும் விழுங்கிய மாத்திரையையும் காலண்டரில் குறித்துவருவது நல்லது. நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் கணக்கைத்தான். வலி அடிக்கடி வந்தால் புரோப்ரனோலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் போன்ற தடுப்பு மருந்துகளில் ஆளுக்கேற்றதை அவர் தேர்வார். சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஊசிகள் 2018 முதல் புழக்கத்தில் உள்ளன.

நொடியில் உச்சம் தொடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி, 50 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் தலைவலி ஆகியவற்றை ஒற்றைத் தலைவலி என்று தள்ளாமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணில் கோடுகள் தெரியும் பெண்கள் அதை மகளிர் மருத்துவரிடமும் சொல்வது அவசியம்: ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.