அரிவாள் பழக்கமும் செயின் சாவும்

எங்கள் நாமக்கல் பக்கம் புளியமரத்தில் கிளை கழிக்க ஏறுபவரைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இடது கை கிளையைப் பிடித்திருக்கும், வலது கையில் அரிவாள். இப்போது அந்த இடத்துக்குச் செயின் சா வந்துவிட்டது.

1926-ல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் செய்த மின்சார ரம்பம் 48 கிலோ. பிடிக்க இரண்டு பேர் வேண்டும். 1950-ல் ஒரே ஆள் பிடிக்கும் பெட்ரோல் மெஷின் 16 கிலோ. மரத்தின் மேல் வேலை செய்யவென்றே வந்த, மேலே கைப்பிடி வைத்த ரகம் இன்று சுமார் 3 கிலோதான். கிளைகளுக்கு நடுவே சுலபமாகத் திருப்பலாம்.

ஆபத்தும் இதில்தான். லேசாக இருப்பதால் அரிவாள் மாதிரி ஒரே கையில் பிடிக்கத் தோன்றும். நுனி கட்டையில் இடித்தால் மெஷின் முகத்துக்கு எகிறும்.

வாங்குகிறவர்கள் சிசி கேட்பதற்கு முன் எடை, செயின் பிரேக், கயிறு மாட்டும் வளையம் மூன்றையும் பாருங்கள். கூடவே இடுப்பு பெல்ட்டும் கயிறும் வாங்கிவிடுங்கள். உடம்பை மரத்தோடு கட்டினால்தான் இரண்டு கையும் மெஷினுக்குக் கிடைக்கும்.