மேடையையே போர்க்களமாக்கியவர்

போர் என்றால் பீரங்கி முழக்கம், பட்டாளத்து உடுப்பு, மார்பிலே பதக்கம் என்றே பள்ளிக்கூட வரலாற்று நூல்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றன. அரிதாரம் பூசி, பட்டுடுத்தி, ஆர்மோனியத்தின் சுருதியிலே குரலைச் சேர்த்துப் பேரரசோடு பொருத ஒருவருக்கு அந்நூல்களிலே இடம் ஏது? அவர்தாம் ஊர் ஊராய்ச் சென்று நடித்த நாடகக் கலைஞர் விசுவநாததாஸ்.

1886இல் சிவகாசியிலே மருத்துவர் குலத்திலே பிறந்தவர் அவர். அக்குலத்தார் நிலை என்ன? ஊராரின் முகம் மழித்தனர்; புண்ணுக்கு மருந்திட்டனர்; மங்கலத்துக்கும் மரணத்துக்கும் முன்னின்றனர். ஆயினும் அறுவடை நாளிலே களத்துமேட்டில் கூலி நெல்லுக்குக் காத்து நின்றனர். சிவகாசிக்கு மட்டும் உரிய கதையா இது? போடிநாயக்கனூர், பொட்டிபுரம் என ஏலமலை அடிவாரத்து ஊர்களுக்கும் தெரிந்த கதைதான்! கத்தி பிடித்த கையின் உதவி வேண்டும். கைக்குரியவன் மட்டும் எட்டி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் தருமமாம்!

அந்தக் குலத்துப் பிள்ளையை மேடை அழைத்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த இசை நாடகம் தென்பாண்டி நாடெங்கும் செழித்திருந்த காலம் அது. திருவிழா இரவுகளிலே மலையடிவாரத்து மக்களும் விடிய விடியக் கண்டு களித்த ‘ஸ்பெஷல் நாடகம்’ அந்த மரபிலே வந்ததே. அதிலே நடிகர் தனித்தனியே அமர்த்தப்படுவர். கதை எல்லார்க்கும் தெரிந்தது. பாட்டும் தர்க்கமும் மேடையிலே அவரவர் திறமைக்கேற்ப விரியும். அந்த இடைவெளியிலேதான் விசுவநாததாஸ் வெடிமருந்தை வைத்தார்.

வள்ளி திருமணத்திலே தினைப்புனக் காட்சி. பறவைகளை விரட்ட வேண்டும். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய கொக்குப் பாட்டை இவர் எடுப்பார். வெள்ளைக் கொக்கு எது, கொள்ளை போகும் கதிர் எவருடையது என்பதை எழுத்தறியா உழவனும் உணர்ந்து கொள்வான். கூட்டம் ஆர்ப்பரிக்கும், காவல் துறையோ கைவிலங்கோடு காத்திருக்கும். பலமுறை சிறை சென்றார். மீண்டும் மீண்டும் மேடைக்கே வந்தார்.

புராணக் கதையிலே நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் புராணத்தையே திரையாக்கி, அதன் பின்னிருந்து அம்பெய்தவரின் துணிவை எப்படி மறுப்போம்?

வெள்ளையன் அவருக்கு இட்டது இரும்பு விலங்கு. சொந்த நாட்டார் இட்ட விலங்கோ கண்ணுக்குத் தெரியாதது. அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி, அவருடன் இணைந்து நடிக்க நடிகையர் சிலர் மறுத்தனர். மயில்மேல் முருகனாய் வீற்றிருக்கையிலே கைகூப்பிய சமுதாயம், வேடத்தைக் கலைத்ததும் பிறப்பைக் கேட்டது! கும்பிட்டது ஒப்பனையைத்தானா? விடுதலைப் பாட்டுக்குத் தலையசைத்த நாடு, பாடியவனுக்கு விடுதலை தர மறுத்தது.

அவ்வேளை துணிந்து உடன் நடித்தவர் கே. பி. ஜானகி அம்மாள். அவரும் மேடையிலே வளர்ந்தவரே. போர் எதிர்ப்புப் பேச்சுக்காகச் சிறை புகுந்த அம்மையார், பின்னர் பொதுவுடைமை இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராகி, 1967இல் சட்டமன்றமும் புகுந்தார். சாதியின் கட்டளையை ஒரு பெண் மீறினால் அது உடையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1940 டிசம்பர் 31. சென்னையிலே வள்ளி திருமணம். முருகன் வேடத்திலே மயிலாசனத்தில் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே விசுவநாததாசின் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து நான்கு. களத்திலே வீழ்ந்த வீரன் என்று சொல்வது இவருக்கன்றி வேறு யாருக்குப் பொருந்தும்? அவர் வாழ்ந்த திருமங்கலத்திலே இன்று நினைவு இல்லம் நிற்கிறது.

மேடைக்கு அஞ்சுவது வெள்ளையனின் குணம் மட்டுமன்று. 1876இலே வெள்ளை அரசு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டு வந்தது. வெள்ளையன் போன பின், 1954இலே, நடிகவேள் எம். ஆர். இராதா இராமாயணத்தை மேடையேற்றிய அதே ஆண்டிலே, சென்னை மாநிலத்தில் அதே நோக்கோடு மற்றொரு சட்டம் பிறந்தது! ஆண்டவர் மாறினர், அச்சம் மாறவில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை 2013இலே சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல்தான் ஏட்டிலிருந்து நீங்கியது.

சட்டப் புத்தகத்திலிருந்து பூட்டுகளை எடுத்துவிட்டோம். நெஞ்சிலே தொங்கும் பூட்டு? ஊர்த் திருவிழாவிலே கலைஞனின் குரலுக்கு மாலையும், அவன் குலத்துக்கு வேறு வரிசையும் உள்ளவரை விசுவநாததாஸ் தொடுத்த போர் ஓயவில்லை. சிலைக்கு மாலையிட்டுத் திரும்புவது எளிது. உடன் நடிக்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும், மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே பந்தியிலே அமரச் செய்வதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய கடன். அதை நம் ஊரிலேயே தொடங்குவோம், தோழர்களே!