கூடவே வந்த டெஸ்க்டாப்

சீசன் தொடங்கினால் குற்றாலச் சாரல் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை வந்துவிடும். ஈரக் குடையை வாசலில் விரித்துப் போட்டுவிட்டு நாம் கணினிக் கூடத்துக்குள் ஓடியது ஏ.சி.க்காக அல்ல, நேற்று உட்கார்ந்த அதே மிஷினைப் பிடிக்க! நம் ஃபைல் எல்லாம் அதில்தானே கிடக்கும். இன்றைய மாணவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

2008-ல் அதற்கு ஒரு முடிவு வந்தது. பழைய மிஷின் ஒன்றில் லினக்ஸ் போட்டு, சாம்பா 3-ஐ டொமைன் கன்ட்ரோலராக்கினார் லேப் சார். லைசென்ஸ் செலவு ஒரு பைசா இல்லை. எடுபிடி வேலைக்கு நான்.

சாம்பாவின் கதை சுவையானது. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், தம் பி.சி.யை யூனிக்ஸ் சர்வரோடு இணைக்க வேண்டி, கம்பியில் ஓடும் பாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்தே அந்த நெறிமுறையைப் புரிந்துகொண்டு எழுதியது அது. முதலில் வைத்த பெயர் வேறொரு கம்பெனியின் வணிகப் பெயராக இருந்ததால், எஸ், எம், பி எழுத்துகள் வரும் சொல்லை அகராதியில் தேடி, 1994-ல் 'சாம்பா' என்று மாற்றினார். 3.0 பதிப்பு வந்தது 2003 செப்டம்பரில்.

ரோமிங் புரொஃபைல் என்பது இதுதான்: லாகின் செய்ததும் உங்கள் டெஸ்க்டாப், மை டாகுமென்ட்ஸ் எல்லாம் சர்வரிலிருந்து அந்த மிஷினுக்கு இறங்கும், லாக் ஆஃப் செய்யும்போது மாறியவை திரும்பப் போகும். எந்த மிஷினில் உட்கார்ந்தாலும் உங்கள் மேசை உங்களோடு! சினிமாப் பாட்டை டெஸ்க்டாப்பில் குவித்தவர்கள் மட்டும் லாகினுக்குப் பத்து நிமிடம் காத்துக் கிடந்தார்கள். அது அவர்கள் வினை.

எல்லாருடைய நகலும் சேர்ந்து ஹார்ட் டிஸ்க் நிரம்பவே, லாக் ஆஃப் ஆனதும் மிஷினில் உள்ள நகலை அழிக்கும்படி நான்தான் செட் செய்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு.

கடைசி வருடம், வகுப்புத் தோழன் ஒருவன் பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் இரண்டு அத்தியாயத்தை ராத்திரி வரை அடித்துவிட்டுப் போனான். காலையில் வேறு மிஷினில் திறந்தால் பழைய ஃபைல். "ஏலே, நான் சேவ் பண்ணிட்டுத்தாம்ல போனேன்" என்றான். நான் நம்பவில்லை. மறந்திருப்பான் என்று சாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அவன் உட்கார்ந்த மிஷினை இயக்கினேன். தேதி 2002 என்று காட்டியது. போர்டில் உள்ள பேட்டரி செத்திருந்தது. அது மின்வெட்டுக் காலம். கரன்ட் போய்வந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும். எக்ஸ்பி ஃபைல்களின் தேதியை ஒப்பிட்டுத்தான் அனுப்பும். 2002 தேதியிட்ட புது ஃபைலைவிட சர்வரில் இருந்த பழையதே புதிது என்று அது முடிவு செய்திருக்கிறது. மிஷினில் இருந்த ஒரே நல்ல நகலை என் செட்டிங் அழித்துவிட்டது.

எல்லா மிஷினுக்கும் பேட்டரி மாற்றினோம். சர்வரைப் பார்த்து மணியைச் சரிசெய்யும்படியும் வைத்தோம். 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4, ஆக்டிவ் டைரக்டரி முறைக்கு மாறியது. அதில் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால் வழக்கமாக லாகினே ஆகாது. முதலிலேயே அப்படி இருந்திருந்தால் அவன் தப்பியிருப்பான்.

அவன் மூன்று ராத்திரி உட்கார்ந்து மறுபடி அடித்தான். பேட்டரி விஷயத்தைச் சாரிடம் சொன்னேன். அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. இந்த மலர் அவன் கைக்கும் போகும். மக்கா, நீ சேவ் பண்ணிட்டுத்தான் போயிருந்தே.