களிம்பு

அஸ்தம்பட்டி வீடொன்றில் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயை மேலே இழுத்தபோது பித்தளை இணைப்பில் பச்சை படிந்திருந்தது. ‘கரோஷன்’ என்றார் மெக்கானிக். வீட்டுக்காரர் ‘துரு’ என்றார். துரு இரும்புக்கே உரியது. செம்பிலும் பித்தளையிலும் படியும் பச்சைக்குக் களிம்பு என்று தனிப்பெயர் உண்டு. உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பின் களிம்பைத்தான் உவமை சொல்கிறது. களிம்பு போகப் புளி போட்டுத் தேய்த்த செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் சமையலறையை விட்டுப் போயின. இன்று களிம்பு என்றால் தோலில் தடவும் மருந்து. ‘கரோஷன்’ என்பதன் லத்தீன் வேர் கொறித்தலைக் குறிக்கும். அதற்குப் பாடநூல் தரும் ‘அரிமானம்’ அருமையான சொல்: கறையான் மரத்தை அரிக்கும், வெள்ளம் கரையை அரிக்கும். துருவும் களிம்பும் அதனுள் அடங்கும். பித்தளைக்கு மட்டும் நான் களிம்பு என்றே எழுதுவேன்.