பொழுதும் மணியும்

காலம் கண்ணுக்குப் புலனாவதன்று. ஆதலின், ஒரு மக்கட்கூட்டத்தார் அதனை எவ்வாறு உணர்ந்தனர் என்பது, அவர் அதற்கு இட்டு வழங்கிய பெயர்களாலேயே பெரிதும் விளங்கும்.

பண்டைத் தமிழர் காலத்தை நிலத்தொடும் ஞாயிற்றொடும் பொருத்தி உணர்ந்தனர். 'பொழுது' என்னுஞ் சொல் காலத்திற்கும் ஞாயிற்றிற்கும் பொதுவாய் வழங்குதல் காண்க. தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என வகுத்து, முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் உரியவாக்கினார்.

நுண்ணிய அளவு வேண்டுமிடத்து நாழிகை பயன்பட்டது. ஒரு நாள் 60 நாழிகை. ஒரு நாழிகை இக்கால 24 நிமிடம். பாசறையில் நீர்க்கலங் கொண்டு நாழிகை அளந்து அரசனுக்கு அறிவித்த கணக்கரை முல்லைப்பாட்டிற் காணலாம்.

பிற்காலத்தே கடிகாரம் பரவியபோது, ஒலிக்கும் மணியே காலவளவின் பெயராயிற்று. பெயரோடு கருத்தும் மாறிற்று. நாழிகை ஞாயிறு எழுங்கால் தொடங்கி எண்ணப்படுவது. மணி நள்ளிரவு முதல் எண்ணப்படுவது. முன்னதில் ஊர்தோறும் விடியல் வேறு. பின்னதில் நாடு முழுவதற்கும் நேரம் ஒன்று. 1906 சனவரி முதல் நாள் வகுக்கப்பட்ட இந்தியப் பொதுநேரம், சென்னையின் இடநேரத்தினும் ஏறத்தாழ 9 நிமிடம் முற்பட்டது.

இம்மாற்றத்தின் விளைவு இராகுகாலத்தில் இனிது புலப்படும். பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, திங்கட்கிழமைக்கு அவற்றுள் இரண்டாம் பகுதியைக் கொள்ளுதல் பழைய கணக்கு. ஞாயிறு 6 மணிக்கு எழுந்து 6 மணிக்கு மறையின், அது 7½ மணி முதல் 9 மணி வரை ஆகும். மக்களோ ஆண்டு முழுவதும் அவ்வெண்களையே கொள்கின்றனர். தைத் தொடக்கத்திற் சென்னையில் ஞாயிறு 6½ மணியளவில் எழுதலின், அக்கணக்கின்படி அது 8 மணியளவிலேயே தொடங்கும். வழக்கம் நிற்க, அதன் அடிப்படை மறைந்தது.

நூல் பயில்வார்க்கும் இது கருதற்பாலது. பழைய ஏட்டில் 'உதயாதி 5 நாழிகை' என்றிருப்பின், அது ஞாயிறு எழுந்தபின் 2 மணி நேரங் கழிந்த பொழுதாம். அவ்வூரின் விடியலை அறியாதார் அதனைக் கடிகாரத்திற் குறித்தல் இயலாது. மாலை, யாமம், வைகறை என்பனவற்றையும் வெறும் மணியெண்களாகக் கொள்ளின், அவற்றொடு பிணைந்த முல்லையும் குறிஞ்சியும் மருதமும் புலவர் கருதியவாறு புலப்படா. ஆதலின், முன்னோர் நூலைக் கற்பார், முன்னோர் பொழுதையும் அறிந்து கற்றல் கடனாகும்.