ஒரே பேரு, ரெண்டு ஊரு: தமிழ் டொமைன் பேர்கள் காத்திருந்த கதை

இந்த எபிசோடை எங்க ஊர் பஸ்ஸிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி ரோட்டில் வந்தால், எங்க அய்யலூருக்கு முன்னாடி வடமதுரை வரும். சின்ன வயசில் மார்கழி மாசம் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை போடுவாங்க. அதில் வடமதுரைன்னு ஒரு பேர் வரும். கண்ணன் நம்ம பக்கத்து ஊர்க்காரர்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். அப்பத்தாதான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க: "அது வடக்க இருக்கிற மதுராடா. நம்ம பஸ்ஸு அங்க போகாது."

ஒரே பேரு, ரெண்டு ஊரு. மனுஷங்களுக்கு இதில் பெரிய சிக்கல் இல்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் வடமதுரைக்கு டிக்கெட் கேட்டால், கண்டக்டர் உத்தரப் பிரதேசத்துக்குக் கிழிச்சுத் தர மாட்டார். கம்ப்யூட்டருக்கு அந்த விவரம் கிடையாது. ஒரு பேருக்கு ஒரு பதில்தான் தெரியும். அந்தப் பதிலை யார் சொல்றதுன்னு நடந்த சண்டையும், அதில் தமிழ் மாட்டிக்கிட்ட கதையும்தான் இன்னிக்கு.

முதல்ல அடிப்படை. ஒரு இணைய முகவரியை கம்ப்யூட்டர் வலது பக்கத்திலிருந்து படிக்கும். கடைசியில் இருக்கிற .காம், .இன் மாதிரியான பகுதியை யார் பார்த்துக்கிறாங்கன்னு சொல்ற பட்டியலுக்குப் பேர்தான் ரூட். ஏ முதல் எம் வரைக்கும் பேர் வச்ச 13 ரூட் சர்வர்கள். நடத்துறது 12 அமைப்புகள். அந்த 13 முகவரியும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதுசில் அந்த ஃபைலைத் திறந்து பார்த்துட்டு, "இவ்வளவுதானா?"ன்னு உட்கார்ந்திருந்தேன். அதில் வேற முகவரியை எழுதினால் வேற இன்டர்நெட். தடுக்கிற பூட்டு எதுவும் கிடையாது.

இதை 1990களிலேயே சிலர் செஞ்சு பார்த்தாங்க. ஆல்டர்நிக்னு தனி ரூட் நடத்தின யூஜின் கஷ்பூரெஃப், 1997 ஜூலையில் அதிகாரபூர்வ பதிவகமான இன்டர்நிக் தளத்துக்குப் போறவங்களைத் தன் பக்கம் திருப்பிவிட்டார், பிறகு கைதானார். 1998 ஜனவரி 28 அன்னிக்கு, இந்தப் பேர்ப் பட்டியலைப் பல வருஷம் பராமரிச்ச ஜான் போஸ்டல் ஒரு மெயில் அனுப்பினார். 8 ரூட் சர்வர்கள் அமெரிக்க அரசு ஒப்பந்தத்தில் இருந்த தலைமை சர்வரை விட்டுட்டு, அவர் சொன்ன சர்வரைப் பின்தொடர ஆரம்பிச்சது. ரெண்டு பக்கமும் ஒரே பட்டியல் இருந்ததால் யாருக்கும் ஒண்ணும் தெரியலை. அரசு கோபப்பட, சில நாளில் எல்லாம் பழையபடி ஆச்சு. அந்த வருஷம்தான் ஐகேன் அமைப்பும் பிறந்தது.

இப்ப தமிழுக்கு வருவோம். 1995ல் சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியில் வலையேற்றினாங்க. தமிழ்ப் பக்கத்துக்குப் பின்னால் உழைச்சவர் நா. கோவிந்தசாமி. ஆனா உள்ளே தமிழ் வந்தாலும் வாசலில் இங்கிலீஷ்தான்; முகவரியை ஆங்கில எழுத்தில்தான் தட்டணும். 1998ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு இதை மாத்த இறங்கினது. அதிலிருந்து கிளம்பின நிறுவனம் ஐ-டிஎன்எஸ்.நெட். 2000ல் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சக ஆதரவோட, .காம், .நெட், .ஆர்க், .எடு ஆகியவற்றுக்கு ஈடான தமிழ்க் கடைசிப் பகுதிகளை இந்தியாவில் அறிமுகப்படுத்தினாங்க.

கேட்கவே நல்லா இருக்குல்ல? ஆனா அந்தப் பேர்கள் பொது ரூட்டில் இல்லை. உங்க இணைய சேவை நிறுவனம் அவங்க ஏற்பாட்டைச் சேர்த்திருக்கணும், இல்லைன்னா உங்க கம்ப்யூட்டரில் தனி மென்பொருள் இருக்கணும். நீங்க கடைக்குத் தமிழ்ப் பேர் வாங்கி, கார்டில் அச்சடிச்சுக் கொடுக்கிறீங்கன்னு வைங்க. உங்க தெருவில் திறக்கும். கார்டை வாங்கிட்டுப் போன கஸ்டமர் அவர் ஊரில் தட்டினால் பக்கம் இல்லைன்னு வரும்.

அதே 2000 மே மாசம் இணையக் கட்டமைப்புக் குழு ஒரு ஆவணம் வெளியிட்டுச்சு. எண் 2826. சாரம் இதுதான்: ஒரு பேரை யார் எங்கிருந்து தட்டினாலும் ஒரே இடத்துக்குப் போகணும்னா, ரூட் ஒண்ணாத்தான் இருக்க முடியும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. அந்த நவம்பரில் ஐகேன் .பிஸ்ஸுக்கு ஒப்புதல் கொடுத்தப்ப, ஒரு தனி ரூட்டில் ஏற்கெனவே வேற .பிஸ் ஓடிட்டு இருந்தது. ஒரே பேரு, ரெண்டு ஊரு. கண்டக்டர் மட்டும் இல்லை.

இன்ஜினியரா எனக்கு அந்த ஆவணம் சொல்றது முழுக்க சரி. ஆனா ஒரு கேள்வி உறுத்துது. "ஒரே ரூட், கொஞ்சம் பொறுங்க"ன்னு சொன்னால், பொறுக்க வேண்டியது யார்? .காம் 1985லேயே வந்தாச்சு. ஆங்கிலம் தெரிஞ்சவங்க எதுக்கும் காத்திருக்கலை.

2003ல் பியூனிகோட் வந்தது. தமிழ்ப் பேரை உள்ளுக்குள் ஆங்கில எழுத்தும் எண்ணுமா மாத்தி, பழைய சர்வர்களே புரிஞ்சுக்கிற மாதிரி அனுப்புற வழி. அதாவது டெக்னிக்கல் வழி கிடைச்சாச்சு. அப்புறமும் 2007 அக்டோபரில்தான், சோதனைக்காக 11 பேர்கள் ரூட்டில் ஏறினது. தமிழுக்கு வச்ச சோதனைப் பேர் .பரிட்சை. ஆமாம், 'ரி' குறில். நாம பரீட்சைன்னு நெடிலில்தான் எழுதுவோம். ரூட்டில் ஏறின முதல் தமிழ்ச் சொல்லே பரீட்சையில் ஒரு மார்க் கோட்டை விட்டுச்சு!

இதுக்கு நடுவில் சீனா தன் நாட்டுக்குள்ளேயே சீன எழுத்துப் பேர்களை இயக்கிட்டு இருந்தது. ரூட் உடைஞ்சுடுமோங்கிற பயம் நிஜமாவே இருந்தது. 2009 அக்டோபரில் சியோல் கூட்டத்தில் ஐகேன் கதவைத் திறந்தது. 2010ல் .இலங்கை, சிங்களப் பேரோட சேர்ந்தே வந்தது. 2011ல் .சிங்கப்பூர், .இந்தியா. இன்னிக்கும் ரூட்டில் இருக்கிற தமிழ்ப் பேர் இந்த 3 தான். .காமுக்கு ஈடா ஒரு தமிழ்ப் பேர் இன்னும் இல்லை.

என் கணக்கு இதுதான். தனி ரூட் தமிழுக்கு 2000லேயே பேர் கொடுத்துச்சு. ஆனா அது சிலருக்குத்தான் செல்லுபடி ஆச்சு. பொது ரூட் எல்லாருக்கும் செல்ற பேரைக் கொடுத்துச்சு. ஆனா 10 வருஷத்துக்கு மேல காக்க வச்சுச்சு. ஓரத்தில் அந்தச் சிலர் செஞ்சு காட்டலைன்னா இன்னும் தாமதமாகியிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். ரூட் ஒண்ணா இருக்கணும்னா, அது எல்லாரையும் சேர்த்துக்கவும் செய்யணும். வெளியே நிறுத்தினால், அவங்க தனி ரூட் கட்டத்தான் செய்வாங்க.

இப்ப பிளாக்செயின் டொமைன்னு புதுசா பேர் விக்கிறாங்க. வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: எதையும் இன்ஸ்டால் பண்ணாமல் எங்க அப்பத்தா போனில் இது திறக்குமா?

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.