குடுமியான்மலை இசைக் கல்வெட்டை எழுதியவர் யார்?

ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு இரண்டு நெறிகள் சொல்வார்கள். கற்றுக்கொடுத்தவரைக் குறிப்பிட வேண்டும். எழுதியதற்கு ஆதாரம் இல்லாதவர் பெயரை ஆசிரியராகப் போடக்கூடாது. இரண்டுக்கும் நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது.

குடுமியான்மலை மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. கிரந்த எழுத்து. எழுத்தின் அமைப்பை வைத்து கி.பி. 7-ம் நூற்றாண்டு என்பார்கள். ஏழு பிரிவுகளாகச் சுரக்கோவைகள். முடிவில் ஒரு குறிப்பு: ருத்ராசாரியரின் சீடனும் சிவபக்தனுமான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதைச் செய்தான். குருவின் பெயர் இருக்கிறது, அரசனின் பெயர் இல்லை!

1904-ல் கண்டறியப்பட்ட இதை பி.ஆர். பண்டார்க்கர் 'எபிகிராபியா இண்டிகா' 12-ம் தொகுதியில் பதிப்பித்தார். பிறகு வந்தவர்கள் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன்தான் அந்த அரசன் என்றார்கள். அவனுக்கு இசை ஈடுபாடு உண்டு, 'சங்கீர்ணஜாதி' என்ற பட்டமும் உண்டு. ஆனால் இது ஊகம்தான். மறுத்த அறிஞர்களும் இருக்கிறார்கள். இருந்தும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, பல நூல்களில் 'மகேந்திரன் வெட்டுவித்தது' என்றே நிலைத்துவிட்டது. மூலத்தின் கடைசி வரியைப் படித்திருந்தாலே போதும்.

பள்ளிக் கட்டுரையில் நானும் அப்படித்தான் எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது.